தம்பியின் காது

அவள் வேலை முகம் செய்வது. அலுவலகத்தில் நேரில் கூப்பிடும்போது ‘மூஞ்சி மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மேடம் உதிர்ந்துவிடும். அவளுக்கும் அது தெரியும். கோபப்பட்டதில்லை. “நாள் பூரா மூஞ்சி செய்யறவளை வேற என்னன்னு கூப்பிடுவாங்க?” என்று அவளே சிரிப்பாள்.

கணினியில் ஆடும் போர் விளையாட்டுகளைச் செய்கிற கம்பெனி அது. ஆடுகிறவர் பருந்து பறக்கும் உயரத்தில் இருந்துகொண்டு, படைகளை இங்கே போ, அங்கே நில் என்று நகர்த்துவார். அந்த உயரத்திலிருந்து ஒரு சிப்பாயின் முகம் கடுகளவுதான் தெரியும். அந்தக் கடுகுக்குத்தான் இவள் புருவம், மூக்கு, தாடைத் தழும்பு என்று முதுகு ஒடிய உழைத்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது யாராவது கீழே இறங்கிக் கிட்டத்தில் பார்ப்பார்கள் என்கிற நம்பிக்கையில் ஓடுகிற பிழைப்பு.

கம்பெனி அதற்குமுன் வெளியிட்ட விளையாட்டில் மானம் கப்பலேறியிருந்தது. அதில் நகரத்து ராஜாவின் படைக்கு விதவிதமான முகங்கள், விதவிதமான கவசங்கள். எதிர்த்து வரும் மலைக்குடிப் படைக்கு ஒரே முகம். இடுப்புத் துணி, உடம்பெல்லாம் சாயம், பிளந்த வாய். நூற்றுக்கணக்கில் அதே ஆள் அதே கோடரியை அதே மாதிரி தூக்கிக்கொண்டு ஊளையிட்டு ஓடிவருவான். நாலு பேர் விழுந்ததும் மீதிப் பேர் எல்லோரும் பின்னங்கால் பிடரியில் பட ஓடுவார்கள். “இத்தனை பேரையும் ஒருத்தியே பெத்தாளா?” என்று ஆடினவர்கள் எழுதி எழுதிச் சிரித்தார்கள்.

படைகளைத் திட்டமிடுகிற தலைமை வடிவமைப்பாளருக்கு அலுவலகத்தில் ‘தளபதி’ என்று பெயர். வெங்காயம் நறுக்கக்கூட அவர் கத்தி எடுத்ததில்லை என்று அவர் மனைவியே சொன்னதாகக் கேள்வி. அந்த மனிதருக்கு இந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்துவிட்டது. புது விளையாட்டுக்கான முதல் கூட்டத்திலேயே மேசையைத் தட்டிச் சொன்னார்.

“இந்தத் தடவை மலைக்குடிப் படை நிஜமா இருக்கணும். அவங்க ஒண்ணும் வெறிபிடிச்ச கும்பல் இல்ல. நிலம் வச்சிருந்தவங்க, ஆடு மாடு வச்சிருந்தவங்க. கூலிக்கு வந்த சிப்பாய் மாதிரி அவங்களை நிக்க வைக்க முடியாது, ஊளையிட்டு ஓட வைக்கவும் கூடாது. அப்ப எப்படி நிப்பாங்க, எதுக்கு நிப்பாங்க? அதைச் சொல்லுங்க.”

எல்லோரும் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவள்தான் வாயைக் கொடுத்தாள்.

“கிண்டல் பண்ணினவங்க பாதி சரியாத்தான் சொல்லியிருக்காங்க சார். ஒருத்தியே பெத்தாளான்னு கேட்டாங்கல்ல? ஒருத்தி இல்ல, நாலஞ்சு பேர் பெத்திருப்பாங்க. ராஜா படைக்கு எங்கெங்கிருந்தோ ஆள் வருது, மூஞ்சியும் வேற வேறயா இருக்கும். இது சொந்தக்காரங்க படை. அண்ணன், தம்பி, சித்தப்பா, மாமன், மாமன் பையன். பக்கத்துல நிக்கறவன் மூக்கும் இவன் மூக்கும் ஒண்ணா இருக்கும். ஒரே மூஞ்சி வேண்டாம், ஒரே ஜாடை வேணும்.”

கணினி நிரல் எழுதுகிற பையனுக்கு ‘மூட்டைப்பூச்சி’ என்று பெயர். அடுத்தவர் நிரலில் இருக்கும் தப்பை எல்லாம் இண்டு இடுக்கில் புகுந்து பிடித்துவிடுவான் என்பதால் வந்தது. அவன் கேட்டான், “ஜாடைன்னா கண்ணைக் காட்டறது இல்லையா மேடம்?”

“அதுவும்தான்” என்றார் தளபதி, உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டு. “சின்ன வயசுலேர்ந்து கூடவே வளர்ந்தவங்களுக்கு எதுக்குய்யா கொம்பும் முரசும்? ஒரு சித்தப்பன் கண்ணைக் காட்டினாப் போதும், எட்டுப் பேர் திரும்புவாங்க.”

இப்படியாக அந்த ஒரு சொல் அந்தப் படைக்குச் சட்டமாயிற்று. ஒவ்வொரு மலைக்குடிச் சிப்பாய்க்கும் அவன் முக அமைப்பிலிருந்து ஒரு ஜாடைக் குறி. குறி ஒத்துப்போகிறவர்கள் பக்கத்தில் நின்றால் உறுதி கூடும். நாலு பேர் விழுந்தாலும் ஓட மாட்டார்கள். சத்தமில்லாமல் திரும்புவார்கள். ஒருத்தன் விழுந்தால், அவன் ஜாடைக்காரர்கள் வரிசையைக் கலைத்துக்கொண்டு போய் உடலைத் தூக்கிவருவார்கள். தோற்றாலும் சரி, பிணத்தை விட்டுவிட்டு வர மாட்டார்கள். அப்படிப் போகும்போது எதிரி அடித்தால் இன்னும் நாலு பேர் சாவார்கள். “இப்படி வச்சா எப்படி ஜெயிக்கிறது?” என்று பரிசோதனைக்கு ஆடியவர்கள் முனகினார்கள். “அவங்க கஷ்டம் அதுதான்” என்று தளபதி சொல்லிவிட்டார்.

ஒரு பரம்பரைக்கு முகம் செய்ய வேண்டுமானால் ஒரு பரம்பரை வேண்டும். அவளுக்குக் கையில் கிடைத்தது அவள் குடும்பம்தான். அப்பாவின் தாடை, பெரியப்பாவின் மூக்கு, சித்தப்பாவின் காது. அப்பாவின் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காது பேர்போனது. முறம் மாதிரி விரிந்து, கீழ்மடல் தனியே தொங்கும். “எங்க காதைப் பார்த்தே கடன்காரன் வாசல்ல நிறுத்திடுவான்” என்பது சித்தப்பாவின் பழைய வேடிக்கை. அவரை உட்கார வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் தம்பியின் படத்தை எடுத்தாள்.

தம்பியைப் பற்றிச் சொல்லாமல் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், தூரத்து ஊரில் கட்டட வேலைக்கு என்று போனான். கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தான். கடைசியாக, “அடுத்த மாசம் வரேம்மா, துணி வச்சிருக்கியா தைக்க?” என்றான். அதற்குப் பிறகு போன் அணைந்தது அணைந்ததுதான். மேஸ்திரியைக் கேட்டால், “அவன் கணக்கு முடிச்சிட்டுப் போயிட்டானே” என்றார். எங்கே போனான் என்று அவருக்கும் தெரியவில்லை. செத்துவிட்டான் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஒரு தடவை டிக்கெட் கொடுத்தேன்னா அந்த மூஞ்சியை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்” என்று பெருமை பேசுவார். அந்தப் பெருமையே அவரைத் தின்றது. விடிந்தால் பஸ் நிலையம். வரும் ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்று, இறங்குகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மத்தியானச் சாப்பாடு கிடையாது. சில நாள் ராத்திரியும் கிடையாது. உடம்பு சுண்டி, சட்டை ஆணியில் மாட்டினது மாதிரி தொங்கிற்று. “இப்படியே போனா அடுத்த மழைக்காலம் தாண்ட மாட்டார். சாப்பிட வைங்க, உட்கார வைங்க” என்று மருத்துவர் இவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிற மனிதரா அவர்?

அம்மா தையல் மிஷினோடு கிடந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். யாரிடமும் புலம்பியதில்லை. இவளுடைய கல்யாணப் பேச்சு, ‘தம்பி வரட்டும்’ என்று தள்ளித் தள்ளிப்போய், முப்பத்தெட்டு வயதில் அது பேச்சாகக்கூட இல்லாமல் போயிருந்தது. அந்த வீட்டில் கடிகாரம் மட்டும்தான் நகர்ந்தது. இவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: அப்பா ஒரு வேளை உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். தம்பி கிடைப்பான் என்ற ஆசையை அவள் வாய்விட்டுச் சொல்வதையே நிறுத்தியிருந்தாள்.

தம்பி கடைசியாக அனுப்பிய படம் ஒன்று இருந்தது. பாதி கட்டிய சுவருக்கு முன்னால், தலையில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். படைக்கு முப்பது வயதுக்காரன் ஒருவன் தேவைப்பட்டான். அவள் அந்தச் சிரிப்பை மூடி, கன்னத்தை ஒடுக்கி, கண்ணுக்குக் கீழே வெயிலை ஏற்றி, தாடையை அப்பா பக்கம் கொஞ்சம் இழுத்து எட்டு வருஷத்தைக் கூட்டினாள். மலைக்குடி ஆட்கள் முடியை உச்சியில் முடிந்திருப்பார்கள். காது வெளியே தெரிய வேண்டும். படத்திலோ காதை ஹெட்போன் மூடியிருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் சித்தப்பாவின் காது இருந்தது. எங்கள் வீட்டுக் காதுதானே என்று எடுத்து ஒட்டினாள். வேலை அவசரத்தில் செய்த காரியம், பெரிய தப்பாக அப்போது படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து அந்த முகத்துக்கு வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா டீ கொண்டுவந்து வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

“இது எப்ப எடுத்தது?”

“அப்பா, இது படம் இல்லப்பா. நான் செஞ்சது. பொம்மை.”

“எனக்குக் கதை சொல்லாத. நேத்து எடுத்த மாதிரி இருக்கான். இளைச்சிருக்கான் பாரு. முடியை ஏன் இப்படி வச்சிருக்கான்?” அவர் குனிந்து திரையில் அந்தக் காதைத் தொட்டார். “நம்ம பரம்பரைக் காது. எங்க போனாலும் தப்பிக்க முடியுமா?”

அவள் திரும்பத் திரும்ப விளக்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், கடைசியில், “சரி, நீயே செஞ்சதா இருக்கட்டும். இப்ப இப்படித்தானே இருப்பான்? அதுக்கு ஒரு தாள் போட்டுக் குடு” என்றார். எட்டு வருஷமாகப் பழைய முகத்தைத் தேடிக்கொண்டிருந்தோமே, அதனால்தான் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் தட்டு போட்டு உட்கார்ந்து, இரண்டாம் தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு அவள் எப்படி மறுப்பாள்? கொண்டையை எடுத்துவிட்டுச் சாதாரண முடி வைத்து, சட்டை போட்டு, ‘காணவில்லை’ என்று அச்சடித்துக் கொடுத்தாள்.

அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினாள்.

அப்பா பஸ் பஸ்ஸாக ஏறி, பழைய கண்டக்டர் செல்வாக்கில், ஊர் ஊராக அதை ஒட்டச் சொல்லி அனுப்பினார். பசை வாளியும் கையுமாகத் திரிந்தார். சாப்பிட்டார். நம்பிக்கை வந்தால் பசியும் வருமாம்.

அலுவலகத்தில் அதே நாட்களில் மூட்டைப்பூச்சி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தான். “மேடம், உங்க ஆளுங்க தப்பான பொணத்தைத் தூக்கிட்டுப் போறாங்க.”

போய்ப் பார்த்தாள். போர் முடிந்த மைதானம். மலைக்குடிகள் நாலு பேர் குனிந்து ஓர் உடலைத் தோளில் ஏற்றிக்கொண்டு மெதுவாக மேட்டில் ஏறினார்கள். தோளில் கிடந்தவன் கவசம் போட்ட ராஜாவின் சிப்பாய்.

“அந்தப் படைக்குக் காது பத்தலன்னு உங்க தொகுப்புலேர்ந்து ரெண்டு மூணு எடுத்துப் போட்டிருக்காங்க” என்றான் அவன். “நிரல் காதைப் பார்த்து, இவன் நம்ம ஆளுன்னு நினைச்சுக்குது. சொந்த ஆள் அந்தப் பக்கம் கிடக்கறான், இவங்க எவனையோ தூக்கிட்டு அழுதுட்டுப் போறாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிழைப் பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

தகவல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தூரத்து ஊர் ஆஸ்பத்திரியின் பிணவறையிலிருந்து பேசினார்கள். நெடுஞ்சாலையில் லாரி அடித்த ஆள், பையில் ஒன்றுமில்லை, கேட்டு யாரும் வரவில்லை. பஸ் நிலையத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்த காவலர் ஒருவர் ஜாடை ஒத்துப்போகிறது என்கிறார். வந்து பார்க்க முடியுமா?

அப்பா சட்டை மாற்றிக்கொண்டார். வழி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பழக்கதோஷத்தில் ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்தார். அவனாக இருக்கக் கூடாது என்று இவள் ஒரு நிமிஷம் வேண்டினாள். அவனாகவே இருந்து இந்தத் தேடல் முடிந்துவிடட்டும் என்று அடுத்த நிமிஷம் வேண்டினாள். அப்படி வேண்டிய வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிணவறைச் சுவரில் பாதி உயரம் வரை வெள்ளை ஓடு. பினாயில் வாடையை மீறி வேறொரு வாடை. ஊழியர் இரும்புத் தட்டை இழுத்துத் துணியை விலக்கினார். முகத்தின் வலது பாதி இல்லை என்றே சொல்ல வேண்டும். இடது பாதி அமைதியாக இருந்தது. ஒடுங்கிய கன்னம், கண்ணுக்குக் கீழே ஏறிய வெயில், தாடை. அதற்கு மேலே முறம் மாதிரி விரிந்து, மடல் தனியே தொங்கும் காது. அவள் செய்த முகம் அப்படியே கிடந்தது.

“என் புள்ளதான்” என்றார் அப்பா. அழவில்லை. “பாரு பாப்பா, நம்ம காது.”

அந்தச் சொல் காதில் விழுந்தபோதுதான் அவளுக்குள் ஏதோ இடறியது. தம்பியின் காதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அவள் செய்த காதுதான் வந்தது. இன்னும் பின்னால் போனாள். பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் அவன் பாட்டுக் கேட்கிறான். காதுக்குள் செருகுகிற சின்ன ஒலிக்கருவி நழுவி நழுவி விழுகிறது. “இந்தக் காதுல ஒரு எழவும் நிக்க மாட்டேங்குதுக்கா” என்று கத்துகிறான். சின்னக் காது. தொங்கும் மடலே கிடையாது, கன்னத்தோடு ஒட்டிப் பிறந்த காது. அம்மாவின் காது. அதனால்தான் முதல் சம்பளத்தில் தலையோடு மாட்டுகிற அந்தப் பெரிய ஹெட்போனை வாங்கினான். படத்தில் அது கண்ணெதிரேதான் இருந்தது. முகத்தையே தொழிலாகச் செய்கிறவளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

இது யாரோ. இவன் எந்த வீட்டுப் பிள்ளையோ.

பக்கத்தில் நின்ற காவல் அதிகாரி நல்ல மனிதர். “முகம் சேதமாயிருக்கு. சந்தேகம்னா சொல்லுங்க, ரத்த சம்பந்தம் பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம். முடிவு வர நாளாகும். சந்தேகம் ஏதாவது இருக்கா?” என்றார்.

“சந்தேகமா? பெத்தவனுக்கா?” என்றார் அப்பா. “லட்சம் மூஞ்சி பார்த்தவன் சார் நான்.”

அதிகாரி இவள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அந்த ஆளின் பாதத்தின் மேல் கையை வைத்திருந்தார், சின்னப் பிள்ளைக்குப் போர்வை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. அவர் தோள் இறங்கியிருந்தது. எட்டு வருஷத்தில் அந்தத் தோள் இறங்கி அவள் பார்த்ததில்லை. அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. சொந்தப் பிள்ளையின் காது மறந்துபோகுமா ஒரு மனிதருக்கு? அடுத்த கணமே, மறக்கடித்தது யார் என்று கேட்டுக்கொண்டாள். அவள் போட்ட தாளை அவர் மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, உள்ளே இருந்த பையனை அழித்துவிட்டு இவனை வரைந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் ‘இது அவன் இல்லை’ என்று வந்துவிடும் என்று பயந்தாள். திறக்கவில்லை. அவன்தான் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதிகாரிக்கு அந்த ஜாடை போதுமாக இருந்தது.

உடல் வேனில் வீடு வந்தது. வாசலில் தெருவே நின்றது. ஊரார், சொந்தக்காரர்கள், காது விரிந்த சித்தப்பா, எல்லோரும். அம்மா மிஷினை விட்டு எழுந்துவந்தாள். “மூஞ்சியைப் பார்க்காதீங்க அண்ணி, பார்க்கற மாதிரி இல்ல” என்று சித்தப்பா தடுத்தார். அம்மா அவர் கையை விலக்கினாள். முகத்தைத் திறக்கவில்லை. துணியின் ஓரத்தை மட்டும் தூக்கி, உள்ளே கைவிட்டு, காதைத் தடவினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடலைப் பிடித்து, துணியின் நயம் பார்க்கிற மாதிரி ஒருமுறை உருட்டின.

அம்மா நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் இவளை மட்டும். இவள் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். அம்மா சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடியிருந்த அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். திரும்ப இவளைப் பார்த்து, இமையை மெல்லத் தாழ்த்தித் திறந்தாள். பேசாதே என்று அதற்கு அர்த்தம். கூட வளர்ந்தவர்களுக்குக் கொம்பு எதற்கு, முரசு எதற்கு?

அதற்குப் பிறகு அம்மா அழுதாள். அது நடிப்பு இல்லை. அந்த மாதிரி ஓர் அழுகையை யாரும் நடிக்க முடியாது. தெருவில் நின்ற ஆண்பிள்ளைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து வந்து அப்பா தூங்கினார். பகலும் இரவுமாகத் தூங்கினார். எழுந்து, வாளியில் வெந்நீரும் தேய்க்கிற தகடும் எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் போனார். தான் ஒட்டின தாள்களைத் தானே சுரண்டி எடுத்துவிட்டு வந்தார். வேளைக்குச் சாப்பிட்டார். கன்னத்தில் சதை பிடித்தது. சாயங்காலம் பழைய டிரைவரோடு நடக்கப் போக ஆரம்பித்தார். “இனிமே உன் விஷயத்தைப் பார்க்கணும் பாப்பா” என்று ஒருநாள் சொன்னார். மழைக்காலம் வந்து போயிற்று, அவர் தாண்டிவிட்டார். மருத்துவர் இவள் கையைப் பிடித்து, “என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றாள்.

விளையாட்டு வெளிவரும் நேரம். மூட்டைப்பூச்சி வந்து, “அந்தப் பொணம் தூக்கற பிழையைச் சரிபண்ணிட்டேன் மேடம்” என்றான். “காதை மட்டும் பார்க்காம முழு முகத்தையும் பார்த்து முடிவு பண்ணும். இனிமே அவங்கவங்க ஆளை மட்டும்தான் தூக்குவாங்க.”

“ஆள் கிடைக்கலன்னா?”

“வெறுங்கையோட போவாங்க.”

அவன் ஓட்டிக் காட்டினான். மலைக்குடிகள் மைதானத்தில் குனிந்து குனிந்து, ஒவ்வொரு உடலாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். சிலர் தூக்கினார்கள். ஒருத்தன் கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டு மேட்டில் தனியே ஏறினான். “செம நிஜமா இருக்கு” என்றார் பின்னால் நின்ற தளபதி. அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

அன்றைக்குச் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். அம்மா ஜன்னலோரம் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“அவங்க வீட்ல தேடிட்டு இருப்பாங்களேம்மா” என்றாள், மிஷின் சத்தத்துக்குள் ஒளித்து.

அம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை. “தேடட்டும். தேடற வரைக்கும் அந்த வீட்டுப் புள்ளைக்குச் சாவு இல்ல. நம்ம வீட்லதான் செத்துட்டான்.”

“நான் போய்ச் சொல்லிடறேன்மா. அந்த ஆஸ்பத்திரிக்கு. இது பாவம்.”

“பாவம்தான்.” அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “உங்கப்பா காலத்துக்கு அப்புறம் சொல்லு. நான் இருந்தா நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் அந்தப் பாவம் என் கணக்குல இருக்கட்டும்.”

“அந்தத் தாளைப் பார்த்த அன்னைக்கே உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? பெத்து, குளிப்பாட்டி, காதுக்குப் பின்னாடி அழுக்குத் தேய்ச்சவளுக்கா தெரியாது? சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அன்னைக்கு மத்தியானம்தான் உங்கப்பா ரெண்டாந்தடவை சோறு கேட்டிருந்தாரு. வாயை மூடிட்டேன்.”

தெருவில் ஏதோ வண்டி நின்று கிளம்பியது. அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவள் ஒவ்வொரு வண்டிக்கும் அப்படிப் பார்க்கிறாள் என்பது இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வருஷமாக மிஷின் அந்த ஜன்னலோரத்தில்தான் கிடந்தது.

“அந்த மலைக்காரப் பொம்மைக்கு இன்னும் உன் சித்தப்பன் காதுதான் இருக்கா?” என்று கேட்டாள் அம்மா.

“ம்.”

“மாத்திரு. இதைப் பார்த்து வை.” அம்மா முடியை ஒதுக்கிவிட்டு முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சின்னக் காது, மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. நரைத்த முடி இரண்டு அதன் மேல் கிடந்தது. “நல்லாப் பார்த்துக்கோ. நாளைக்கே வந்து நின்னான்னா, எவன் காதுக்கா இதுன்னு சண்டைக்கு வருவான்.”

உள்ளறையில் கட்டில் முனகியது. அப்பா தூக்கக் கலக்கத்தில் கேட்டார், “யாரு? யாரு வரா?”

அம்மா முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

“யாரும் வரல” என்றாள். “நீங்க தூங்குங்க.”